நாற்காலியா, பயிற்சியா, நிபுணரா, குழுவா? பணிச்சூழலியல் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது

ஒரே மாதத்தில் மூன்று பேர் வந்து சொல்கிறார்கள். கணக்குப் பிரிவில் ஒருவருக்கு வலது கை விரல்கள் இரவில் மரத்துப்போகின்றன. பொதி கட்டும் பிரிவில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடுப்பு. கிடங்கில் இன்னொருவர் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்கிறார். நிர்வாகம் நல்ல எண்ணத்தோடுதான் கூடிப் பேசுகிறது. நல்ல நாற்காலிகளாக வாங்கிவிடலாமா? எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சி வைக்கலாமா? வெளியிலிருந்து நிபுணரை அழைக்கலாமா? நம் ஆட்களை வைத்தே ஒரு குழு அமைக்கலாமா?

பணியிடப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் இந்த நான்கு வழிகளையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் தொடங்குங்கள். அந்தக் குழுவின் கையில் கொஞ்சம் பணத்தையும் கொடுங்கள். நாற்காலியும் பயிற்சியும் நிபுணரும் அந்தக் குழு தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கருவிகளாக இருக்கட்டும். இந்த வரிசையை மாற்றிப் போட்ட இடங்களில் செலவு நடந்தது, வலி அப்படியே இருந்தது.

நான்கையும் ஒப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. "வலிக்கிறது" என்று ஒருவர் வாய் திறந்த நாளுக்கும், அந்த வலிக்குக் காரணமான மேசையோ பெட்டியோ வேலை வேகமோ மாறிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள்? வலியை அறிந்தவர் ஒருவர். செலவுக்குக் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். இந்த இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த வழி குறைக்கிறதோ அதுவே நல்ல வழி.

வேலையை ஆளுக்கேற்ப அமைக்கும் பணிச்சூழலியல் துறையின் தொடக்கமே வேலை செய்பவரிடம் கேட்டதில்தான் இருக்கிறது. 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி முழு நூலே எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாத்சினி, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு "உங்கள் தொழில் என்ன?" என்ற கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். 1713இல் எழுத்தர்களின் உபாதைகளுக்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை எப்போதும் ஒரே போக்கில் அசைவது, மனத்தின் இறுக்கம். இன்று கணினி முன் அமர்ந்திருப்பவரிடம் கேட்டாலும் இந்த மூன்றும்தான் வரும். இந்த மூன்றில் நாற்காலியால் தீரக்கூடியது ஒன்றில் பாதிதான். அதையும் முழுதாகச் சொல்ல முடியாது.

பொருள் வாங்கும் வழி

இது வேகமானது, கண்ணுக்குத் தெரிவது. ஒரே கையெழுத்தில் வேலை முடிகிறது. நிர்வாகம் அக்கறை காட்டியது என்று எல்லோருக்கும் புலப்படுகிறது. காரணம் உண்மையிலேயே பொருளில் இருக்கும்போது இதைவிட நேர்வழி கிடையாது. நாள் முழுவதும் மடிக்கணினியில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், திரை கண்மட்டத்துக்கு வந்தால் கைகள் உயர்ந்துவிடும். கைகள் சரியான இடத்தில் இருந்தால் கழுத்து குனிந்துவிடும். தனி விசைப்பலகை, தனி மௌஸ், திரையை உயர்த்த ஒரு தாங்கி. இதற்குக் குழுவும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். உடனே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

சிக்கல் மொத்தமாக வாங்கும்போது வருகிறது. ஒரே அளவு நாற்காலியை நாற்பது பேருக்கு வாங்குகிறோம். உயரம் குறைந்தவருக்கு மேசை உயரமாக இருக்கிறது, எனவே நாற்காலியை ஏற்றுகிறார். ஏற்றியதும் கால் தரையில் படவில்லை. கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்துகிறது. உடனே நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்காருகிறார். அதோடு முதுகுச் சாய்வுக்குக் கொடுத்த பணம் வீண். ஒரு கால்தாங்கிப் பலகை இதைத் தீர்த்திருக்கும். நாற்காலிப் பட்டியலைத் தயாரித்தவருக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் அவர் அந்த மேசையில் உட்கார்ந்ததே இல்லை.

நான் வேலை செய்த ஓரிடத்தில் விலையுயர்ந்த நாற்காலிகள் வந்து ஓராண்டு கழித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். பெரும்பாலானவற்றின் நெம்புகோல்கள் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இருந்தன. விரல்கள் மரத்துப்போன கணக்குப் பிரிவு ஊழியருக்குப் புதிய நாற்காலி எந்த நிம்மதியையும் தரவில்லை. அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. விசைப்பலகையின் வலது கோடியில் எண் விசைகள். அவற்றையும் தாண்டி மௌஸ். நாள் முழுவதும் வலது கை உடம்பைவிட்டு வெளியே நீண்டே இருந்தது. எண் விசைகளே இல்லாத சிறிய விசைப்பலகை கொடுத்துவிடலாம் என்று பட்டது. ஆனால் கணக்கு எழுதுபவருக்கு எண் விசைதான் உயிர். கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார்: எண் விசைகளைத் தனிப் பலகையாக இடது கைப்பக்கம் வைத்துப் பார்க்கிறேன் என்றார். இரண்டு வாரம் தடுமாறினார், பிறகு பழகிவிட்டது. நாற்காலியின் விலையில் மிகச் சிறிய பங்குதான் அந்தப் பலகைக்கு ஆனது.

உட்காரவும் நிற்கவும் ஏற்றி இறக்கும் மேசைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். உட்காரும் நேரத்தை அவை குறைக்கின்றன என்பது உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பின் மதிப்பீட்டில் நாளொன்றுக்கு 84 முதல் 116 நிமிடம் வரை குறைகிறது. ஆனால் அந்தச் சான்றுகளின் தரம் தாழ்வானது என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. வலியைத் தீர்க்கும் மருந்தாக நினைத்து இவற்றை வாங்க வேண்டாம். நிலையை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று நினைத்து வாங்கலாம். பாரம் தூக்குபவர்களுக்கான இடுப்புப் பட்டையை நான் பரிந்துரைப்பதே இல்லை. 2000ஆம் ஆண்டில் சில்லறை விற்பனைக் கடைகளின் ஊழியர்களிடையே நடந்த பெரிய அமெரிக்க ஆய்வில் பட்டை அணிந்தவர்களுக்கு முதுகுக் காயமோ வலியோ குறையவில்லை.

இந்த வழியில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. நாற்காலி என்றதும் திட்டம் அலுவலக அறைக்குள் போய் நின்றுவிடுகிறது. நின்றபடி வேலை செய்பவருக்கு அதில் எதுவும் இல்லை. அதிகம் தூக்குபவரும் அவர்தான், அதிகம் குனிபவரும் அவர்தான்.

பயிற்சியின் எல்லை

பயிற்சி மலிவானது. ஒரே நாளில் நூறு பேரை உட்கார வைத்துவிடலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் கிடைத்துவிடும். ஆகவேதான் இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

1978இல் ஸ்டோவர் ஸ்னூக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதுகுக் காயத்தைத் தடுக்கும் மூன்று அணுகுமுறைகளை ஒப்பிட்டார்கள். ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து வேலைக்கு எடுப்பது ஒன்று. பத்திரமாகத் தூக்கக் கற்றுக்கொடுப்பது இரண்டாவது. வேலையையே ஆளுக்கேற்ப மாற்றியமைப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் பயன் தென்படவில்லை. மூன்றாவது வழியில் இழப்பீடு கோரும் முதுகுக் காயங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை தவிர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து 2011இல் வந்த காக்ரேன் தொகுப்பும் பாரம் தூக்கும் முறை பற்றிய பயிற்சியும் அறிவுரையும் முதுகு வலியைத் தடுப்பதில்லை என்றே கண்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் "முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை" என்ற சுவரொட்டியை மாட்டிவிட்டுத் திட்டம் முடிந்தது என்று சொல்வது, வலிக்கிறவர் மீதே பழியைப் போடுவதற்குச் சமம். நாளை அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், "சொல்லிக்கொடுத்தபடி தூக்கினாயா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஏன் பலிப்பதில்லை என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். தொழில்சார் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்குமான அமெரிக்க ஆய்வு நிறுவனம் நியோஷ், 1991இல் திருத்தியமைத்த பாரம் தூக்கும் சமன்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோவிலிருந்து கணக்கு தொடங்கும். பாதகங்கள் ஒவ்வொன்றும் அதை ஒரு பின்னத்தால் பெருக்கிக் குறைக்கும். கணுக்கால்களின் நடுவிலிருந்து கைகள் வரையுள்ள கிடைமட்டத் தூரம் 25 செ.மீ. என்றால் குறைப்பு இல்லை, 50 செ.மீ. என்றால் பாதி. கைகள் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் குறைப்பு இல்லை, 30 செ.மீ. என்றால் 0.865. உடம்பை 45 பாகை திருப்பினால் 0.856.

இப்போது தரையில் கிடக்கும் பேலட்டிலிருந்து (சரக்கு அடுக்கும் தட்டு) ஒருவர் 12 கிலோ பெட்டியை எட்டி எடுத்துத் திரும்பி மேசையில் வைப்பதாக வைத்துக்கொள்வோம். பிடி, தூக்கும் உயரம் போன்ற மற்றக் காரணிகளைக் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுகிறேன். கைகள் 50 செ.மீ. தள்ளி, 30 செ.மீ. உயரத்தில், 45 பாகைத் திருப்பத்தோடு. 23 கிலோ 11.5 ஆகிறது, பிறகு ஏறக்குறைய 10, பிறகு 8.5. பெட்டியோ 12 கிலோ. இதையே நிமிடத்துக்கு நான்கு முறை, எட்டு மணி நேர ஷிப்ட் முழுவதும் செய்கிறார் என்றால் இன்னொரு பெருக்கல்: 0.45. பரிந்துரைக்கப்படும் எடை 4 கிலோவுக்கும் கீழே போய்விடுகிறது.

இந்தக் கணக்கில் முழங்காலை மடக்குவதற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அகலமான பெட்டி முழங்கால்களுக்கு நடுவே நுழையாது. குந்தி உட்கார்ந்து தூக்கினால் முழங்கால்கள் பெட்டியை இன்னும் முன்னே தள்ளிவிடும், தூரம் கூடிவிடும். தொழிலாளிக்கு இது அனுபவத்தில் தெரியும். பயிற்சி முடிந்த மறுநாளே அவர் பழையபடி தூக்குவதற்கு அலட்சியம் காரணமில்லை.

மாறாக, பேலட்டை ஏற்று மேசை (பாரத்தை ஏற்றி இறக்கும் மேடை) மீது வைத்து 75 செ.மீ.க்கு உயர்த்துங்கள். சுற்றி வந்து எடுக்க இடம் விடுங்கள். கைகள் 35 செ.மீ.க்குள் வந்துவிடும். பெட்டியை வைக்கும் மேசையை நேரெதிரே நகர்த்தினால் திருப்பமும் இல்லை. இப்போது எல்லை 16.4 கிலோ. ஆள் அதே ஆள், பெட்டி அதே பெட்டி. ஆனால் நாள் முழுவதும் நிமிடத்துக்கு நான்கு என்ற வேகம் மாறாவிட்டால் 0.45ஆல் பெருக்கி 7.4 கிலோதான் வரும். 12 கிலோ பெட்டி இன்னும் மிகுதியே. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே தூக்காமல், அதைவிடச் சற்று நீண்ட நேரம் அவருக்கு இலகுவான வேறு வேலை கிடைத்தால், அந்தப் பெருக்கெண் 0.84 ஆகிறது. எல்லை 13.8 கிலோ. இப்போதுதான் பெட்டி எல்லைக்குள் வருகிறது. உருளைகள் மேல் தள்ளிவிடும் ஏற்பாடு செய்தால் தூக்கும் வேலையே இல்லாமல் போகும். முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும்.

வேலையை முறை மாற்றித் தருவதில் ஓர் எச்சரிக்கை. தூக்கும் வேலையிலிருந்து இன்னொரு தூக்கும் வேலைக்கு மாற்றினால் அது மாற்றமே ஆகாது. ஒருவர் சுமந்த வலியை நால்வருக்குப் பகிர்ந்து கொடுத்ததாக மட்டுமே முடியும்.

பயிற்சி வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். எதற்கு என்பதில்தான் கருத்து வேறுபாடு. மரத்துப்போதல், காலையில் விரல் மடங்காமை, வேலை முடிந்தும் தீராத வலி போன்ற தொடக்க அறிகுறிகளை அடையாளம் காண. யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள. புதிதாக வந்த நாற்காலியையோ ஏற்று மேசையையோ சரிசெய்துகொள்ள. இவற்றுக்குப் பயிற்சி நன்றாகவே உதவும். மாற்றம் நடந்த பிறகு வரும் பயிற்சி ஒட்டும். மாற்றத்துக்குப் பதிலாக வருவது ஒட்டாது.

நிபுணரை எப்போது அழைப்பது

நல்ல பணிச்சூழலியல் நிபுணருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. மேல் உடலின் நிலையை மதிப்பிட 1993இல் வந்த ரூலா, முழு உடலையும் மதிப்பிட 2000இல் வந்த ரீபா, கை, மணிக்கட்டு வேலைகளுக்கு 1995இல் வந்த திரிபுச் சுட்டெண் என்று அவரிடம் சோதித்த கருவிகள் உண்டு. விசையையும் அதிர்வையும் கருவி வைத்து அளப்பார். பழகிப்போனதால் நம் கண்ணில் படாததும் அவர் கண்ணில் படும். எண்ணோடு வரும் அறிக்கையை நிர்வாகம் எளிதில் தள்ளிவிட முடியாது என்பதும் பெரிய நன்மை.

ஆனால் அவர் வருவது ஒரு நாள், அல்லது இரண்டு நாள். மாதக் கடைசி நெருக்கடியை அவர் பார்ப்பதில்லை. இரவு ஷிப்டை அனேகமாகப் பார்ப்பதில்லை. யாரோ வந்து கவனிக்கிறார்கள் என்றதும் எல்லோரும் வழக்கத்தைவிட நிதானமாக, ஒழுங்காக வேலை செய்கிறார்கள். பிறகு கனத்த அறிக்கை வருகிறது. முப்பது பரிந்துரைகள். அவற்றில் எதை முதலில் செய்வது, யார் செய்வது என்பதற்குப் பொறுப்பானவர் யாரும் இல்லை. என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் வலி சொன்ன நாளிலிருந்து மாற்றம் நடந்த நாள் வரையிலான இடைவெளி இந்த வழியில்தான் மிக நீளம். பல நேரம் அது முடிவதே இல்லை.

அழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அழைக்காமல் விடுவது தவறு. கனமான தூக்குதல், அதிர்வுக் கருவிகள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர், மிக முக்கியமாகப் புதிய இயந்திர வரிசை அமைக்கும் நேரம். வரைபடத்தில் ஒரு மேசையின் உயரத்தை மாற்றப் பென்சில் போதும். கான்கிரீட்டில் பதித்த பிறகு மாற்ற எத்தனை நாள் உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று யோசியுங்கள். நிபுணருக்குத் தரும் பணம் பலமடங்கு திரும்பும் இடம் இதுதான். அவரோடு ஒப்பந்தம் செய்யும்போது இரண்டு நிபந்தனைகளை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றம் நடந்த பிறகு மீண்டும் வந்து அளக்க வேண்டும். அளக்கும்போது நம் குழுவினர் இருவரைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

குழு: என் தேர்வு, அதன் குறைகளோடு

ஐந்து முதல் ஏழு பேர் போதும். அந்த வேலையைக் கையால் செய்கிற இருவராவது இருக்க வேண்டும், அவர்கள் மேலதிகாரி பொறுக்கி எடுத்தவர்களாக இருக்கக் கூடாது. பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர், ஏனென்றால் பாதி மாற்றங்கள் வெல்டிங்கும் திருகாணியும்தான். மேற்பார்வையாளர் ஒருவர். செலவுக்குக் கையெழுத்திடும் அதிகாரமுள்ளவர் ஒருவர். இந்தக் கடைசி ஆள் இல்லாத குழுவைத் தொடங்கவே வேண்டாம். ஓரிடத்தில் அப்படித் தொடங்கியதைப் பார்த்தேன். முதல் மூன்று கூட்டங்களில் அருமையான யோசனைகள் வந்தன, ஒவ்வொன்றும் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்ற பதிலோடு நின்றது. ஐந்தாவது கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. அதற்குப் பின் அங்கே வலியைப் பற்றிப் பேச வாயெடுப்பவரே இல்லை. குழுவே இல்லாதிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

கூட்டம் வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் என்பது நடைமுறையில் தாங்கும். தொடக்கத்தில் கருவிகள் எளிமையாக இருந்தால் போதும். உடம்பின் படம் ஒன்றை அச்சிட்டு, எங்கே வலிக்கிறது என்று பெயர் எழுதாமல் குறிக்கச் சொல்லுங்கள். 1987இல் வெளியான நார்டிக் வினாத்தொகுப்பு இந்த முறையை உடம்பின் ஒன்பது பகுதிகளுக்கு ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறது. ஒரே பிரிவில் ஒரே இடத்தில் குறிகள் குவிந்தால், அங்கே வேலையில்தான் கோளாறு. பிறகு அந்த வேலையைப் பத்து நிமிடம் காணொளியாக எடுத்து, செய்கிறவரையே பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். "இந்த இடத்தில் ஏன் திரும்பினீர்கள்?" என்று கேட்டால், "லேபிள் அந்தப் பக்கம் இருக்கிறது, பார்க்காமல் அனுப்பினால் திரும்பி வந்துவிடும்" என்பார். லேபிள் ஒட்டும் பக்கத்தை மாற்றினால் ஒரு நாளைக்குச் சில நூறு திருப்பங்கள் குறையும். எந்தக் கருவியும் இதைச் சொல்லாது.

மேசை உயரத்தைப் பற்றிய சண்டை எல்லாக் குழுக்களிலும் வரும். அதற்கு ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூர்ந்து பார்த்துச் செய்யும் நுண்ணிய வேலைக்கு முழங்கை மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே. இலகுவான வேலைக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே. எடை போட்டு அழுத்தும் வேலைக்கு 20 முதல் 40 செ.மீ. கீழே. இரண்டு ஷிப்டிலும் வெவ்வேறு உயரமுள்ளவர்கள் ஒரே மேசையில் நிற்கிறார்கள் என்றால் ஏற்றி இறக்கும் மேசை வேண்டும். அது முடியாவிட்டால் மேசையை உயரமானவருக்கு அமைத்துவிட்டு, மற்றவருக்கு நிற்கும் மேடை கொடுங்கள். குள்ளமாக அமைத்த மேசையில் உயரமானவரை நிமிர்த்த வழியே இல்லை. வாங்குவதற்கு முன் அட்டைப் பெட்டிகளை அடுக்கி மாதிரி ஒன்று செய்து இரண்டு நாள் வேலை பாருங்கள். அட்டையில் தவறு செய்வதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

குழுவின் குறைகளை மறைக்கவும் எனக்கு மனமில்லை. அதிர்வு, தொடர்ச்சியான சிறு விசை போன்றவை அதன் கண்ணுக்குத் தப்பும். மேற்பார்வையாளர் குரல் பெரிதாக இருந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். முன்னின்று நடத்தியவர் வேலையை விட்டுப் போனால் குழு படுத்துவிடும். இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 2008இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில், 119 சமையற்கூடங்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஊழியர்கள் பங்கேற்கும் முறையை நடத்தினார்கள். நானூறுக்கு மேற்பட்ட மாற்றங்களை அவர்களே செய்தார்கள். ஆனால் அந்த முறை நடக்காத சமையற்கூடங்களோடு ஒப்பிட்டால் வலியில் வேறுபாடு தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. குழுவை நம்பிப் பேசுகிற எவரும் இந்த முடிவோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். நான் புரிந்துகொண்டது இது: குழுவின் கை எட்டும் தூரத்தில் இருப்பவை மேசையும் அலமாரியும் டிராலியும்தான். வேலையின் வேகம், ஆட்களின் எண்ணிக்கை, ஒரே சமயத்தில் வந்து குவியும் ஆர்டர்கள் ஆகியவை அதன் கைக்கு எட்டுவதில்லை. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். பேலட்டை உயர்த்திய பிறகும் வேகம் மாறாததால் 12 கிலோ எல்லைக்கு வெளியேதான் நின்றது. ஆகவே குழுவுக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. நிமிடத்துக்கு எத்தனை, ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் என்பதைப் பற்றிப் பேசவும், உற்பத்தித் திட்டம் போடுகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கவும் அதற்கு உரிமை வேண்டும். அந்த உரிமையைத் தர மனமில்லாத நிர்வாகம் குழு அமைப்பதில் அர்த்தமில்லை. நேர்மையாக ஏற்று மேசைகளையும் உருளைகளையும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

சட்டம் வரும்வரை காத்திருப்பதா

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1990இலேயே திரை முன் வேலைக்கும் கையால் பாரம் தூக்குவதற்கும் தனித்தனி வழிகாட்டு ஆணைகள் வந்துவிட்டன. வேலையிடத்தை மதிப்பிடுவது அங்கே முதலாளியின் கடமை. அமெரிக்காவில் 2000 நவம்பரில் வெளியான கூட்டரசுப் பணிச்சூழலியல் விதியை 2001 மார்ச்சில் நாடாளுமன்றமும் அதிபரும் ரத்து செய்துவிட்டார்கள். பணியிடத்தில் கடும் ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்னும் பொதுக் கடமைப் பிரிவு மட்டும் மிஞ்சியது. உங்கள் நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் படிவங்களை நிரப்புவதும் வலியைக் குறைப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் படிவம்தான் முந்தும்.

இடத்துக்கேற்ற முடிவு

இருபது பேர் மட்டும் உள்ள அலுவலகத்துக்குக் குழு என்ற பெயரே பெரிது. அக்கறையுள்ள ஒருவரை இரண்டு நாள் படிக்க வைத்து, ஒவ்வொரு மேசையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஒரு கை நீளத் தூரத்தில். மௌஸ் உடம்பை ஒட்டி. பாதம் தரையில். சிறு செலவுகளை அவரே செய்ய அனுமதி. அவ்வளவு போதும்.

அலுவலகமும் கிடங்கும் பொதி கட்டும் பிரிவும் கலந்த, நூறு நூற்றைம்பது பேர் உள்ள இடமாக இருந்தால் என் பரிந்துரையில் ஐயமே இல்லை: குழு. அதுவும் முதலில் ஒரே ஒரு பிரிவில், குறிகள் மிக அடர்த்தியாக விழுந்த பிரிவில். எல்லாப் பிரிவிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எதுவும் முடியாது. முதல் மாற்றம் ஒரு மாதத்துக்குள் கண்ணில் பட வேண்டும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆலையே புதிதாக எழும்புகிறது என்றால் நிபுணரில் தொடங்குங்கள். அங்கே குழு அவருக்கு அடுத்ததாக வரட்டும், ஆனால் வரைபடம் முடிவதற்கு முன்பே வரட்டும்.

ஓராண்டு கழித்து எதை வைத்து மதிப்பிடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வலி பற்றிய புகார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள், ஏனென்றால் முதல் சில மாதங்களில் அது அனேகமாக ஏறும். இதுவரை பொறுத்துக்கொண்டவர்கள் இப்போதுதான் பேசுகிறார்கள். காயமே இல்லாத மாதத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வலியை மறைப்பதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகும். இழந்த வேலை நாள்களைப் பாருங்கள். எத்தனை பேர் தொடக்க அறிகுறியிலேயே வந்து சொன்னார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே, மாற்றம் நடந்த தேதியை எழுதி வையுங்கள். புகார் எண்ணிக்கை ஏறிய மாதத்தில், "இந்தக் குழுவால் வலி அதிகமாகிவிட்டது, கலைத்துவிடலாம்" என்று யாராவது எழுந்தால், அந்தத் தேதிப் பட்டியலை மேசைமேல் வைத்துப் பேசுங்கள்.